செட்டிநாட்டு ராஜா ஓட்டுக் கேட்க வந்த காலம்

கானாடுகாத்தான் அரண்மனை முகப்பைப் பார்த்துக்கொண்டே என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, இவங்க எந்த நாட்டை ஆண்டாங்க?"

பத்தாம் வகுப்பு படிக்கிறவன். மதுரையில் நாயக்கர், புதுக்கோட்டையில் தொண்டைமான் என்று பாடத்தில் படித்திருக்கிறான். இவ்வளவு பெரிய வீட்டையும் 'செட்டிநாட்டு ராஜா' என்ற பெயரையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பெரியவர்களிலும் பலர் இதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் எந்த நாட்டையும் ஆளவில்லை. செட்டிநாடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்ததே இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்னும் வணிகச் சமூகம்) வாழும் ஊர்களின் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர். ஒரு காலத்தில் 96 ஊர்கள் என்பார்கள். பிரிட்டிஷ் காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களில் இருந்தன. சில ஊர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தன. 'ராஜா' என்பது 1929-ல் ஆங்கில அரசு அண்ணாமலை செட்டியாருக்கு வழங்கிய பரம்பரைப் பட்டம். அதோடு படையும் வரவில்லை, எல்லையும் வரவில்லை. ஆறு வருஷம் முன்னால், 1923-ல், அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்திருந்தது. இரண்டும் சேர்ந்துதான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார்.

நான் சொல்லப்போவது அவருடைய மகனைப் பற்றி. குமாரராஜா என்றும், பின்னாளில் ராஜா சர் முத்தையா செட்டியார் என்றும் அழைக்கப்பட்டவர். 1905-ல் பிறந்து 1984-ல் மறைந்தார். சென்னையின் மேயர், மாகாண அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், பல்கலைக்கழக இணைவேந்தர், தொழிலதிபர் என்று அவருக்குப் பல முகங்கள். அப்பாவின் பெயர் சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தால் நிலைத்துவிட்டது. மகனை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஆனால் நம் நாட்டில் ஓட்டு எப்படி மாறியது என்பதைப் புரிந்துகொள்ள இவர் வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

முதலில் இவர்கள் பெயரின் முன்னெழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். செட்டிநாட்டுப் பெயர்களுக்கு முன்னால் வரும் எழுத்துக் கோவைக்கு விலாசம் என்று பெயர். வீட்டு முகவரியோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அது தலைமுறைகளின் வரிசை, வியாபாரத்தின் பெயரும் அதுவே. அண்ணாமலை செட்டியாரின் விலாசம் எஸ்.ஆர்.எம்.எம். என்று பேச்சில் வரும்: சாத்தப்பர், ராமநாதர் ('ஆர்.எம்.' சேர்ந்து அவர்), முத்தையா என்று மூன்று தலைமுறை. கடைசியில் நிற்கும் முத்தையா அவருடைய அப்பா. மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரை வைப்பது வழக்கம் என்பதால் அண்ணாமலையின் மகனும் முத்தையா ஆனார். அவருடைய எழுத்துகள் எம்.ஏ.; முத்தையாவின் மகன் அண்ணாமலை, அண்ணாமலையின் மகன் இவர். அவருடைய மகன் ராமசாமிக்கு எம்.ஏ.எம். இந்த மூன்று எழுத்தைக் கேட்டாலே பழைய ஆட்கள் இன்னார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லிவிடுவார்கள். கோயில் என்றால் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று: இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி.

கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'செட்டி' என்று முடியும் பெயரெல்லாம் நகரத்தார் பெயர் ஆகாது. நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயச் செட்டி நகரத்தார் அல்லர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியும் அல்லர்; அவர் கோயம்புத்தூர்க்காரர். இணையத்தில் பலர் எல்லாரையும் ஒரே பட்டியலில் சேர்த்து எழுதுகிறார்கள்.

சரி, பணம் எங்கிருந்து வந்தது?

கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. 1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்த பிறகு ஐராவதி டெல்டாவில் நெல் சாகுபடி வேகமாகப் பெருகியது. காட்டைத் திருத்தவும், மாடு வாங்கவும், விதைக்கவும் விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. ஐரோப்பிய பாங்குகள் அந்தச் சின்ன விவசாயியிடம் போகவில்லை, நகரத்தார் போனார்கள். இலங்கை, மலாயா, சிங்கப்பூர், சைகோன் எங்கும் வட்டிக்குக் கடன் கொடுக்கும் இதே லேவாதேவித் தொழில்தான். முதலாளி ஊரில் இருப்பார். மேலாள் என்ற ஏஜெண்டு சம்பளச்சீட்டு எழுதிக்கொடுத்து மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பல் ஏறுவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பெட்டியடிப் பையனாகப் போய் மேலாளாகி, பிறகு தனக்கென்று கடை வைத்தவர்கள் எத்தனையோ பேர். பற்று வரவு பேரேட்டில் ஏறும், ஐந்தொகை என்ற கணக்குச் சுருக்கம் ஊருக்கு வரும். முதலாகப் போட்டிருப்பது முதலாளியின் சொந்தப் பணம் மட்டுமில்லை. கோயில் பணமும் தர்மப் பணமும் அதில் உண்டு. ஆச்சிமார் பணமும் உண்டு; சீதனமாக வந்த தொகையைப் பெண்கள் தங்கள் பெயரிலேயே கடைகளில் வட்டிக்கு விட்டிருந்தார்கள். லாபத்தில் ஒரு பங்கு மகமையாகக் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஊருணிக்கும் போகும்.

இந்தக் கதையின் வலியையும் மறைக்கக் கூடாது. 1930-க்குப் பின் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தபோது பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் அவர்களிடம் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது ஏறத்தாழ 25 பங்கு ஆனது. அவர்களுக்கு வேண்டியது பணம்தான், நிலமில்லை. ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் என்ன ஆறுதல் தரும்? அந்தக் கோபம் பர்மிய அரசியலில் ஊறியது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமாக்கியது. எங்கள் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பல வளவு வீடுகளுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

இதை முன்பே மோப்பம் பிடித்து, பணத்தை உள்நாட்டுக்குத் திருப்பிய குடும்பங்கள் பிழைத்துக்கொண்டன. அண்ணாமலை செட்டியார் குடும்பம் அதில் முன்வரிசையில் நின்றது. 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் என்ற ஆங்கிலேயக் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. நமக்கென்று ஒரு பாங்கு வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முயற்சி எடுக்க, நகரத்தார் முதலோடு 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் பாங்கு தொடங்கியது. இந்தக் குடும்பத்துக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே கை உண்டு. சிதம்பரத்தில் 1920-ல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதற்கு அண்ணாமலை செட்டியார் கொடுத்தது 20 லட்சம் ரூபாய். இந்த வீட்டில்தான் முத்தையா வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார்.

அரசியலுக்கு வருகிறேன். என் அக்கா மகனுக்கு இந்த இடம்தான் புரியச் சிரமப்பட்டது. "பணக்காரர்னா ஓட்டு எப்படி மாமா கிடைக்கும்? ஜனங்க போடணுமே?" என்றான். அன்றைக்கு ஜனங்கள் எல்லாரும் ஓட்டுப் போடவில்லை என்பதுதான் பதில்.

1919-ம் ஆண்டுச் சட்டப்படி 1920-ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. மாகாண மக்கள்தொகை சுமார் 4 கோடி. வாக்காளர்கள் ஏறத்தாழ 12 லட்சம். நூறு பேரில் மூன்று பேர்! நிலத்தீர்வையோ, வீட்டுவரியோ, வருமான வரியோ குறிப்பிட்ட அளவு கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. தீர்வை ரசீது இருந்தால் குடிமகன், இல்லையென்றால் வேடிக்கை பார்க்கலாம். பெண்களுக்கு 1921-ல் சென்னை மாகாணம் வாக்குரிமை கொடுத்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மாகாணம் என்பது நமக்குப் பெருமை, ஆனால் அவர்களுக்கும் அதே சொத்துத் தகுதி உண்டு.

அதற்கும் மேலே ஒரு ஏற்பாடு இருந்தது. சில அமைப்புகளுக்குத் தனி இடங்கள். சென்னை வர்த்தக சபை, தோட்ட முதலாளிகள், தென்னிந்திய வர்த்தக சபை, பல்கலைக்கழகம், ஜமீன்தார்கள் என்று போகும் அந்த வரிசையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சட்டசபையில் ஒரு வணிகச் சமூகத்தின் சங்கத்துக்கென்று நாற்காலி! 1935-ம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. இன்றைக்கு யோசித்தால் விநோதமாகப் படும். அன்றைய அரசின் கணக்கு வேறு: வரி கட்டுகிறவன் பேசட்டும், வியாபாரம் செய்கிறவன் வியாபாரத்துக்காகப் பேசட்டும். பணமும் பதவியும் ஒன்றையொன்று திருட்டுத்தனமாகத் தேடிப் போகவில்லை. சட்டமே இரண்டையும் ஒரே பாயில் உட்கார வைத்திருந்தது.

முத்தையா செட்டியார் நுழைந்தது இந்த உலகத்துக்குள்தான். சேர்ந்தது நீதிக்கட்சி. 1916-ல் டாக்டர் நடேச முதலியார், டி.எம். நாயர், தியாகராயச் செட்டி ஆகியோர் தொடங்கிய இயக்கம் அது. பிராமணர் அல்லாதாருக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் பங்கு வேண்டும் என்ற நியாயமான கோரிக்கையில் பிறந்தது. போகப் போக ஜமீன்தார்களும் பெருவணிகர்களும் அதில் முன்னிலைக்கு வந்தார்கள். சொத்துள்ளவர்களே வாக்காளர்கள் என்னும்போது அது நடக்கத்தானே செய்யும்.

முதல் பெரிய பதவி சென்னை மாநகராட்சி. 1688-ல் தொடங்கிய பழைய மாநகராட்சி அது. அப்போதே மேயர் என்ற பதவி இருந்தது. பிறகு அந்தப் பெயர் வழக்கொழிந்து, தலைவர் என்றே அழைத்து வந்தார்கள். 1933-ல் சட்டம் திருத்தி மேயர் என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தபோது தலைவராக இருந்தவர் முத்தையா செட்டியார். ஆகவே நவீன காலச் சென்னையின் முதல் மேயர் அவர்தான். அப்போது அவருக்கு 28 வயது நிறையவில்லை. மேயரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள், பதவிக்காலமும் குறைவு. அன்றாட நிர்வாகம் கமிஷனர் கையில். மேயருக்குச் சபையை நடத்தும் பொறுப்பும் நகரத்தின் முகமாக நிற்கும் மரியாதையும் இருந்தன.

அதன் பிறகு அமைச்சர் பதவி. இங்கே 'இரட்டை ஆட்சி' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் சொல்தான், ஆனால் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். வீட்டில் பெட்டிச் சாவியும் வாசல் காவலும் பெரியவர் கையில். அடுப்படி, பிள்ளைகள் படிப்பு, வைத்தியம் எல்லாம் இளையவர் பொறுப்பு. செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் இளையவர் பெரியவரிடம்தான் போய் நிற்க வேண்டும். மாகாண அரசு அப்படித்தான் இருந்தது. நிதி, போலீஸ், நிலவருவாய் ஆகியவை கவர்னரும் அவர் நிர்வாக சபையும் வைத்துக்கொண்ட துறைகள். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை தேர்தலில் வந்தவர்களிலிருந்து அமைந்த அமைச்சர்களிடம் விடப்பட்டவை. முதலமைச்சரோடு சேர்த்து மூன்றே அமைச்சர்கள்.

பொப்பிலி ராஜா தலைமையிலான நீதிக்கட்சி அமைச்சரவையில் 1936-ல் முத்தையா செட்டியார் கல்வி அமைச்சரானார். அமைச்சர்களிடம் விடப்பட்ட துறைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஊர்ப் பராமரிப்பு. நகரத்தார் மகமைப் பணத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலைகள் இவைதான். ஊரில் தர்மமாகச் செய்ததை மாகாணத்தில் அரசாங்கமாகச் செய்வது; இரண்டுக்கும் நடுவில் அவர்கள் பெரிய வித்தியாசத்தை உணர்ந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்களின் பலமும் குறையும் அதுதான். கொடுப்பவருக்குத் தான் கொடுப்பது தெரியும். வாங்குகிறவருக்கு அது உரிமை என்பது அவ்வளவு சுலபமாகத் தெரிவதில்லை.

1937-ல் காற்று திரும்பியது. புதிய சட்டம் சொத்துத் தகுதியைக் குறைத்து, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையும் சேர்த்ததால் மாகாணத்தில் வாக்காளர் தொகை 60 லட்சத்தைத் தாண்டியது. ஐந்து மடங்கு! 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் வென்றது. பொப்பிலி ராஜாவையே வி.வி. கிரி தோற்கடித்தார். ஓட்டுப் பெட்டி கொஞ்சம் அகலமானதும் இருபது வருஷக் கட்சி சரிந்துவிட்டது. இதைக் காந்தியடிகளின் செல்வாக்கால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பேன். அதுவரை ஓட்டே இல்லாமல் இருந்தவர்கள் முதல்முறையாகப் பேசிய தேர்தல் அது.

வென்ற காங்கிரஸ் உடனே பதவி ஏற்கவில்லை. கவர்னர் தன் விசேஷ அதிகாரங்களைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தர வேண்டும் என்றது. அந்த இழுபறியில் ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவை இருந்தது. ஏ.டி. பன்னீர்செல்வம், எம்.சி. ராஜா ஆகியோரோடு முத்தையா செட்டியாரும் அதில் அமைச்சர். உள்ளாட்சித் துறை அவரிடம். ஜூலை 14 அன்று ராஜாஜி பதவியேற்றதும் அது முடிந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் முத்தையா செட்டியார் குடும்பம் வேறொரு களத்தில் இறங்கியது. கச்சேரி மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமுமே ஒலிக்கின்றன, தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வருகிறது என்ற குறை அப்போது பலருக்கு இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941-ல் தமிழிசை மாநாடு, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம், பிறகு பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். 1948-ல் அப்பா மறைந்த பிறகு பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர் பொறுப்போடு இந்தச் சங்கப் பணியையும் முத்தையா செட்டியார் பல ஆண்டுகள் சுமந்தார். அவருடைய எல்லாப் பதவிகளையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மார்கழியில் தமிழ்ப் பாட்டை முழுக் கச்சேரியாகக் கேட்க ஓர் இடம் இருக்கிறதென்றால் அதற்குப் பின்னால் இந்தக் குடும்பத்தின் பணமும் பிடிவாதமும் இருக்கின்றன.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1952-ல் 21 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு. தீர்வை ரசீது வேண்டாம், கையெழுத்துப் போடத் தெரிய வேண்டாம். நகரத்தார் சங்கத்து நாற்காலியும் போய்விட்டது. 1957-ல் முத்தையா செட்டியார் காரைக்குடித் தொகுதியில் நின்றார். எந்தக் கட்சியிடம் 1937-ல் தன் கட்சி தோற்றதோ அந்தக் காங்கிரஸின் வேட்பாளராக! காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். வளவு வீட்டு முதலாளிக்கும் ஒரு ஓட்டு, அந்த வீட்டில் சமைக்கிறவருக்கும் ஒரு ஓட்டு, செங்கல் சுமந்தவருக்கும் ஆத்தங்குடியில் கல் பதிக்கிறவருக்கும் ஒரு ஓட்டு. நூற்றில் சொத்துள்ள மூன்று பேர் ஓட்டுப் போட்ட சபையில் அமைச்சராக இருந்தவர், அந்த நூறு பேர் முன்னாலும் வந்து கைகூப்ப வேண்டியிருந்தது. வந்தார், வென்றார். பட்டத்தோடு வாழ்ந்த ஒருவர் அப்படி வந்ததை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். அவரைப் போன்ற பலர் அந்த மாற்றத்தைப் பிடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள்.

அந்த வெற்றிக்குப் பட்டம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. 1962-ல் அதே காரைக்குடி, கம்பன் கழகம் கண்ட சா. கணேசனைச் சுதந்திராக் கட்சியிலிருந்து தேர்ந்தெடுத்தது. எளிய கதர்க்காரர், கம்பன் அடிப்பொடி என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். எல்லாருக்கும் ஓட்டு வந்த பிறகு ஊர் ராஜாவையும் தேர்ந்தெடுத்தது, அடிப்பொடியையும் தேர்ந்தெடுத்தது.

தொழில் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வட்டிக்கடைக் காலம் முடிந்து ஆலைக் காலம் வந்தது. 1962-ல் செட்டிநாடு சிமென்ட் தொடங்கியது. ஆலை கரூர் அருகே புலியூரில். முத்தையா செட்டியாரின் தம்பி எம்.ஏ. சிதம்பரம் தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலையைக் கொண்டுவந்தார். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் அவர் பெயரில் இருக்கிறது. 1973-ல் முத்தையா செட்டியாருக்கு இந்திய அரசு பத்மபூஷண் வழங்கியது. ஆங்கில அரசின் 'சர்', குடியரசின் பத்மபூஷண் இரண்டையும் பெற்றவர்கள் அதிகம் பேர் இல்லை.

அரண்மனையிலிருந்து திரும்பும் வழியில் பையன் கடைசியாக ஒன்று கேட்டான். "அவர் மகனும் தேர்தல்ல நின்னாரா மாமா?" எம்.ஏ.எம். ராமசாமி 2004 முதல் 2010 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார், அதுவும் கர்நாடகத்திலிருந்து, மதச்சார்பற்ற ஜனதா தளம் சார்பில். மாநிலங்களவைக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். தாத்தா, அப்பா காலத்துச் சொத்து ஓட்டு, 1957-ன் எல்லார் ஓட்டு, இந்த எம்.எல்.ஏ. ஓட்டு என்று ஒரே வீட்டுக்குள் மூன்று விதமான ஓட்டு வந்துவிட்டது. குடும்பம் கட்டி வளர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் சட்டம் இயற்றித் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டத்தை இயற்றிய சபைக்கு ஆள் அனுப்பியவர்கள் தீர்வை ரசீது காட்டாமல் ஓட்டுப் போட்டவர்கள்.

"எனக்கு ஓட்டு வர இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்றான் பையன். செட்டிநாடு ரயில் நிலையம் தாண்டி காரைக்குடி ரோட்டுக்கு வந்திருந்தோம்.